நன்னாரி வேரை மொத்தமாகக் கொள்வனவு செய்வது எப்படி: கொழும்பிலுள்ள சிறு உற்பத்தியாளருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் மூலிகைத் தேநீரோ மூலிகைக் கப்சியூலோ தயாரித்து விற்கத் தொடங்குபவர்கள், பெட்டியின் நிறத்துக்கும் பெயருக்கும் பல மாதங்களைச் செலவிட்டுவிட்டு, உள்ளே போகவேண்டிய வேரை ஒரே தொலைபேசி அழைப்பில் வாங்கி முடிப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். பின்னர் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஓர் அழைப்பிலிருந்தே பிறக்கின்றன. ஐம்பது கிலோவிலிருந்து சில தொன் வரை நன்னாரி வேர் வாங்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். பெலிமல், ரணவரா, பொல்பலா ஆகிய மூலிகைப் பானங்களைப் போலவே, இரமுசு என்ற பெயரில் இந்நாட்டு மக்கள் விரும்பிக் குடிக்கும் பானத்துக்குரிய வேர் இது. அதேவேளை, காட்டிலிருந்து கடைக்கு வரும் வழியில் எளிதாக வேறொன்றாக மாறிவிடக்கூடிய வேரும் இதுதான்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது

தமிழில் நன்னாரி என்றும் சிங்களத்தில் இரமுசு என்றும் சொல்லப்படும் கொடியின் தாவரவியற் பெயர் ஹெமிடெஸ்மஸ் இன்டிகஸ். ஆயுர்வேதத்தில் இதற்குச் சாரிவா என்று பெயர். ஆனால் சாரிவாவில் வெள்ளை, கறுப்பு என இரண்டு பேசப்படுகின்றன. வெள்ளை என்பது நன்னாரி. கறுப்பு என்ற பெயரில் இக்னோகார்பஸ் புருட்டெசென்ஸ், கிரிப்டோலெப்பிஸ் புக்கனானி ஆகிய வேறு கொடிகளின் வேர்கள் வழங்குகின்றன. விற்பவர் உங்களை ஏமாற்ற நினைக்காமலே, "சாரிவா" என்று நீங்கள் எழுதிக் கொடுத்த ஒரு சொல்லை நம்பி, இவற்றில் ஒன்றை அனுப்பிவிட முடியும்.

மூன்றாவது ஆபத்து மாகாளிக் கிழங்கு. டெகாலெப்பிஸ் ஹாமில்ட்டோனி எனப்படும் இக்கொடி தென்னிந்தியாவுக்கே உரியது. அங்கே அதன் கிழங்கில் ஊறுகாய் போடுவார்கள். எனவே இந்தியாவிலிருந்து வரும் சரக்கில்தான் இதை எதிர்பார்க்க வேண்டும். ஒரு கொடியிலிருந்து கிடைக்கும் நிறை அதிகம் என்பதால், நன்னாரிக்குப் பதிலாகவும் நன்னாரியோடு கலந்தும் இது விற்கப்படுகிறது. உண்ணக்கூடிய கிழங்குதானே என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. பெட்டியில் நன்னாரி என்று அச்சிட்டுவிட்டு மாகாளியை அடைப்பது வாங்குபவரிடம் சொல்லும் பொய் என்பதோடு, அளவுக்கு மீறித் தோண்டப்பட்டதால் மாகாளி இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் நிற்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே கொள்வனவுக் கட்டளையில் தாவரவியற் பெயர், தண்டு நீக்கப்பட்ட வேர் என்ற குறிப்பு, முழு வேரா நறுக்கியதா என்ற விவரம், தோண்டிய மாவட்டமும் மாதமும், ஏற்றுக்கொள்ளும் உச்ச ஈரப்பதன், தண்டு, மண் போன்ற அந்நியப் பொருளின் உச்ச விகிதம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். பேச்சில் ஒத்துக்கொண்ட தரத்தைச் சரக்கு இறங்கிய பின்னர் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

முறித்துப் பார்த்தல்

இத்தொழிலுக்கு வந்த புதிதில், புறக்கோட்டை கேபோஸ் லேனில் ஒரு மருந்துச் சரக்குக் கடையில், திறந்திருந்த சாக்கின் வாயில் முகத்தை வைத்து மணந்துகொண்டிருந்தேன். நிறை போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அதைக் கண்டு, "தம்பி, சாக்கு எப்பவும் மணக்கும். வேரை முறிச்சு மணந்து பாருங்கோ" என்றார். நன்னாரியின் மணம் பக்கத்தில் கிடக்கும் எதிலும் ஏறிவிடும். மணமில்லாத வேரும், தண்டும், சணலும்கூட அதே மணத்தைக் காட்டும். இன்றுவரை நான் வேறு எந்தச் சோதனைக்கும் முன்னர் செய்வது அவர் சொன்னதைத்தான்.

நல்ல காய்ந்த நன்னாரி வேர் மெல்லியது; பெரும்பாலும் 3 முதல் 8 மில்லிமீற்றர் வரை தடிப்பு இருக்கும். நேராக நிற்காமல் முறுக்கி வளைந்து கிடக்கும். மேற்றோல் கரும்பழுப்பு நிறம். அதன்மேல் குறுக்காக வெடிப்புகள் ஓடும். சில இடங்களில் தோல் உள்மரத்தை விட்டுக் கழன்று வளையம்போல் நிற்கும். இரு கைகளாலும் பிடித்து முறித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். ஒடிந்த முகத்தில், வெளியே கரிய விளிம்பு, அதற்குள் மாப்போன்ற வெண்ணிற வளையம், நடுவே மஞ்சள் சாயலுடைய கட்டியான மரம் என மூன்றும் தெளிவாகத் தெரியும். அந்த வெண்வளையத்தை நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். மணம் அப்போதுதான் எழும். வாயிலிட்டு மென்றால் மெல்லிய இனிப்பு இருக்கும். வளைந்து, நார் இழுபட்டு, ஒடியாமல் நின்றால் ஒன்று ஈரம் மிகுதி, அல்லது கையில் இருப்பது தண்டு.

மூக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இங்கே கவனமாக விளங்கிக்கொள்ள வேண்டும். நன்னாரியின் வனிலா போன்ற மணத்துக்கு 2-ஹைட்ரொக்சி-4-மெதொக்சிபென்சல்டிஹைட் என்னும் சேர்வையே முதற்காரணம். இக்னோகார்பஸ் வேரில் அந்த மணம் கிடையாது. எனவே முறித்து மணக்கும்போதே அது பிடிபட்டுவிடும். மாகாளிக் கிழங்கிலோ அதே சேர்வை தாராளமாக உண்டு. மூக்கை மட்டும் நம்புபவர் மாகாளியை உயர்தர நன்னாரி என்று மகிழ்ந்து வாங்கிவிடுவார். அங்கே கண்தான் உதவும்: மாகாளி விரல் தடிப்பும் அதற்கு மேலுமாக இருக்கும், சதைப்பற்றான கிழங்கு என்பதால் காய்ந்ததும் நெடுக்காகச் சுருங்கிப் போகும்.

தூளாக வாங்க வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான். அரைத்த பிறகு தடிப்பும் இல்லை, வெடிப்பும் இல்லை, வளையமும் இல்லை. மீதியிருப்பது நம்ப முடியாத மணம் ஒன்றுதான். அந்த மணமும் ஆவியாகும் தன்மையுடையது என்பதால், அரைத்த நாளிலிருந்து குறைந்துகொண்டே போகும். அரைக்கும் இயந்திரம் உங்களிடம் இல்லையென்றால், முழு வேரை வாங்கிப் பரிசோதித்துவிட்டு, கூலிக்கு அரைத்துத் தருமிடத்தில் உங்கள் கண்முன்னே அரைப்பியுங்கள்.

எவ்வளவு வாங்குவது

விற்பனைக்குத் தேவையான அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஒரு பெட்டியில் 2 கிராம் கொண்ட 20 தேநீர்ப் பைகள், மொத்தம் 5,000 பெட்டிகள் என்றால், பைக்குள் போகும் வேர் 200 கிலோ. 10 சதவீத ஈரப்பதனில் அடைக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அதில் உலர்பொருள் 180 கிலோ. கடைக்காரர் தருவது 16 சதவீத ஈரப்பதனுள்ள வேராயின், அதே உலர்பொருளைப் பெற ஏறத்தாழ 214 கிலோ வாங்க வேண்டும். அதன்மேல் தண்டு, மண், சலிக்கும்போது விழும் மென்தூள் ஆகியவற்றின் கழிவு இருக்கிறது. அந்த விகிதத்தை யாரிடமும் கேட்டறிய முடியாது. ஐந்து கிலோ வாங்கி, கழுவி, உலர்த்தி, நறுக்கி, சலித்து, ஒவ்வொரு படியிலும் நிறுத்து எழுதிவைத்தால் உங்கள் இயந்திரத்துக்கும் உங்கள் சல்லடைக்கும் உரிய எண் கிடைக்கும். அது 12 சதவீதமாக வந்தால், 214 கிலோ 244 கிலோவாகிறது. விலை பேசும்போது இந்த 244ஐ மனதில் வைத்தே கிலோ விலையைப் பார்க்க வேண்டும். ஈரமான, மண் ஒட்டிய மலிவு வேர் பல வேளைகளில் விலை கூடிய வேராக முடிவது இந்தக் கணக்கில்தான் தெரியவரும்.

ஈரப்பதனை நீங்களே அளக்கலாம். சிறு துண்டுகளாக நறுக்கிய 10 கிராம் வேரை 105 பாகை செல்சியஸ் சூட்டில் நிறை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, குறைந்த நிறையைச் சதவீதமாக்க வேண்டும். நன்னாரியில் நீரோடு மணப்பொருளும் சிறிது ஆவியாகிவிடுவதால், விடை உண்மை ஈரப்பதனைவிட ஒரு சிறிது கூடுதலாகவே வரும்.

எங்கே வாங்குவது

சிறிய அளவுக்கு கேபோஸ் லேன் போதும். நாட்டு மருந்துச் சரக்குக் கடைகள் அங்கே அடுத்தடுத்து இருப்பதால், ஒரே காலைப்பொழுதில் பல கடைகளில் முறித்துப் பார்த்து ஒப்பிட முடிகிறது. ஆனால் கடைக்காரர் பலரிடமிருந்து சேர்த்த வேரை ஒன்றாகக் கொட்டி வைத்திருப்பார் என்பதால், அது எந்த ஊர் வேர், எப்போது தோண்டியது என்ற கேள்விகளுக்கு அவரிடமே விடை இராது. ஐம்பது, அறுபது கிலோவுக்கு மேல் ஒழுங்காக வாங்கப்போகிறவர் தோண்டுபவரை அல்லது கிராமத்தில் சேர்ப்பவரைத் தேடிப் போவதே நல்லது.

உலர் வலயத்தில் நன்னாரி பரவலாக உண்டு. வவுனியா, மன்னார், அநுராதபுரம், மொனராகலைப் பக்கங்களில் மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது தோண்டுகிறார்கள். அவர்களோடு பேசும்போது நான் மூன்று விடயங்களில் விட்டுக்கொடுப்பதில்லை. காய்கள் வெடித்துப் பஞ்சு பறந்த பின்னரே தோண்ட வேண்டும். வேரை முழுவதுமாகப் பிடுங்காமல் ஒரு பகுதியை மண்ணில் விட்டு மூட வேண்டும். கழுவி, நிழலில் காயவைத்த வேராகவே தர வேண்டும். கடும் வெயிலில் தார் வீதியில் பரப்பிக் காயவைத்த வேர் சீக்கிரம் உலரும், ஆனால் மணம் போய்விடும். வீதியின் அழுக்கும் அதில் சேரும். இந்த மூன்றுக்கும் அவருடைய நேரம் செலவாகிறது என்பதால், விலையும் அதற்கேற்றதாக இருந்தாக வேண்டும். சந்தை விலையையே கொடுத்துவிட்டு இவற்றையும் கேட்பது நியாயமில்லை. நிறைக்கு மட்டும் காசு கொடுத்தால் தண்ணீரும் மண்ணும்தான் நிறையாகத் திரும்பி வரும்.

ஒதுக்குக் காடுகளிலிருந்து அனுமதியின்றித் தாவரப் பொருட்களை எடுப்பது குற்றம். எனவே வேர் தனியார் காணியிலிருந்து வந்ததா, அனுமதி பெற்ற இடத்திலிருந்தா என்பதைக் கேட்டு, காணி உரிமையாளரின் ஒப்பத்தோடு ஒரு துண்டாவது வாங்கி வைத்திருங்கள். ஆண்டுதோறும் தொன் கணக்கில் தேவைப்படும் நிலைக்கு வளர்ந்தவர் பயிர்ச்செய்கைக்கு ஒருவரோடு ஒப்பந்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்பது என் உறுதியான கருத்து. நட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருப்பதால், தேவை வருவதற்கு முன்னரே அதைத் தொடங்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து, குறிப்பாக விருதுநகர் வியாபாரிகள் வழியாக வாங்குவது மூன்றாவது வழி. மருந்துக்குரிய தாவரங்களும் அவற்றின் பாகங்களும் சுங்கத்தில் 1211 என்ற தலைப்பின்கீழ் வரும். தாவரப் பொருள் என்பதால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்படும். ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழோடு வர வேண்டும். ஆயுர்வேதத் திணைக்களத்திலும் கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுக்காப்புச் சேவையிலும் தேவையான அனுமதிகளைக் கேட்டறிந்து முடித்த பின்னரே முற்பணம் அனுப்புங்கள். துறைமுகத்தில் சரக்கு தங்கும் ஒவ்வொரு நாளும் கட்டணத்தோடு ஈரமும் ஏறும்.

மாதிரியும் சரக்கும்

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வியாபாரி அனுப்பிய அரைக்கிலோ மாதிரி அப்பழுக்கில்லாதிருந்தது. நம்பி எட்டுச் சாக்கு வாங்கினேன். லொறியிலிருந்து இறக்கியபோது ஒவ்வொரு சாக்கின் மேற்பகுதியிலும் கை விட்டுப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டேன். கழுவுவதற்காகக் கொட்டியபோதுதான், சாக்குகளின் அடிப்பாதியில் தண்டும், வேரோடு காய்ந்து ஒட்டிய செம்மண்ணும், விரலை விடத் தடித்த கிழங்குத் துண்டுகளும் இருந்தது தெரியவந்தது. தொட்டியின் அடியில் ஒரு சாண் மண் படிந்தது. ஒப்பமிட்ட பற்றுச்சீட்டு அவர் கையில் இருந்தது. அன்றைக்குப் பிறகு சாக்கின் வாயை மட்டும் பார்த்து நான் எதையும் ஏற்றதில்லை.

மாதிரி எடுக்க உலக சுகாதார நிறுவனம் மூலிகைப் பொருட்களுக்குச் சொல்லும் முறை எளிமையானது. ஐந்து சாக்குகள் வரை இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் எடுக்க வேண்டும். 6 முதல் 50 வரை இருந்தால் ஐந்து சாக்குகளிலிருந்து எடுக்க வேண்டும். 50க்கு மேல் போனால் பத்தில் ஒரு பங்கு சாக்குகளிலிருந்து எடுக்க வேண்டும். தெரிவு செய்த ஒவ்வொரு சாக்கிலும் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். வேர்ச் சாக்கில் அடியை அடைய, சாக்கை முழுவதுமாகக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. எடுத்தவற்றைக் கலந்து, சதுரமாகப் பரப்பி, மூலைவிட்டங்களில் நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கி, ஆய்வுகூடத்துக்குத் தேவையான அளவு வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். எந்தச் சாக்கைத் திறப்பது என்பதை நீங்கள் தெரிவு செய்யுங்கள். விற்பவர் நீட்டும் சாக்கைத் திறக்காதீர்கள்.

அந்த மாதிரியில் முதலில் அந்நியப் பொருளைக் கையால் பிரித்து நிறுக்கலாம். இந்திய ஆயுர்வேத மருந்துத் தரநூல் நன்னாரிக்கு அதை 2 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்கிறது. வேரை எரித்த பின் மிஞ்சும் மொத்தச் சாம்பல் 4 சதவீதத்துக்கும், அமிலத்தில் கரையாச் சாம்பல் 0.5 சதவீதத்துக்கும் மேற்படக் கூடாது. இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஏனெனில் அமிலத்தில் கரையாமல் நிற்பது பெரும்பாலும் மணல். கண்ணுக்குத் தெரியாமல் தோலின் வெடிப்புகளில் ஒளிந்திருக்கும் மண்ணையும் அது காட்டிக்கொடுக்கும். இனத்தை உறுதிசெய்ய, வேரிலுள்ள சேர்வைகளைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு நிறப்பகுப்பு (TLC) என்ற சோதனையைக் கேளுங்கள். அடையாளம் நிறுவப்பட்ட நன்னாரி வேரோடு அருகருகே வைத்து ஓட்டினால்தான் அதற்குப் பொருளுண்டு. பார உலோகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் மூலிகை மூலப்பொருளில் பரிந்துரைக்கும் உச்சம் ஈயத்துக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராமும் கட்மியத்துக்கு 0.3 மில்லிகிராமும் ஆகும். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய பகுப்பாய்வுகளைச் செய்கிறது. விற்பவர் காட்டும் சான்றிதழில் தொகுதி இலக்கமும் திகதியும் உங்கள் சாக்குகளோடு பொருந்தாவிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

நுண்ணுயிர்ச் சோதனையில் தேநீருக்கும் கப்சியூலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தேநீர் வேரின்மேல் கொதிநீர் ஊற்றப்படுகிறது. கப்சியூலில் அடைத்த தூளை மனிதர் அப்படியே விழுங்குகிறார். மண்ணுக்குள் வளர்ந்த ஒரு பொருள், எந்தச் சூடும் படாமல். ஆகவே கப்சியூலுக்கு வாங்கும் வேரில் சல்மொனெல்லா, ஈ-கோலி, பூஞ்சண எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தொகுதிக்கும் சோதிக்க வேண்டும். செலவு மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இதுவல்ல. நீராவியால் கிருமி நீக்கலாம். மணம் சிறிது குறையும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். எதிலீன் ஒக்சைட் புகையூட்டிய சரக்கை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்பதில்லை என்பதால், ஏற்றுமதி எண்ணம் உள்ளவர்கள் அது இடப்படவில்லை என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். உள்ளூரில் விற்பவர், தம் பொருள் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் உணவாகப் போகிறதா, ஆயுர்வேதத் திணைக்களத்தின்கீழ் மருந்தாகப் போகிறதா என்பதை வேர் வாங்குவதற்கு முன்னரே தீர்மானித்துக்கொண்டால், எந்தச் சோதனைகளுக்குப் பணம் கட்டுவது என்பதும் தெளிவாகிவிடும்.

வந்த பிறகு

கொழும்பின் காற்று நன்கு உலர்ந்த வேரைச் சில வாரங்களில் மீண்டும் நெகிழச் செய்துவிடும். சணல் சாக்கிலேயே விட்டுவைக்காமல், உள்ளே தடித்த பொலித்தீன் பையிட்டுக் கட்டி, தரையிலிருந்து உயர்த்திய மரத்தட்டில், சுவரோடு ஒட்டாமல் அடுக்குங்கள். மாதம் ஒருமுறை ஒரு சாக்கைப் பிரித்து வேரை முறித்துப் பாருங்கள். ஒடியாமல் வளைந்தால் அந்தத் தொகுதியை மறுபடி 45 பாகைக்குக் குறைவான சூட்டில் உலர்த்த வேண்டும். மென்தூள் சிந்திக் கிடந்தால் வண்டு விழுந்திருக்கிறது என்று பொருள். சிறு தொகுதியானால் மறை 18 (−18) பாகை செல்சியஸில் ஒரு வாரம் உறையவைத்தால் வண்டும் முட்டையும் சாகும். ஆனால் பையைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும், இல்லையேல் வேரின்மேல் நீர் படியும்.

ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் கால் கிலோ முழு வேரை மூடிய கண்ணாடிப் போத்தலில் இட்டு, தோண்டிய இடம், மாதம், விற்றவர், வாங்கிய திகதி, ஆய்வுகூட அறிக்கை இலக்கம் ஆகியவற்றை எழுதி ஒட்டி, அந்தத் தொகுதியில் செய்த கடைசிப் பெட்டியின் காலாவதித் திகதிக்குப் பின்னரும் ஓராண்டு வரை இருட்டான அலுமாரியில் வைத்திருங்கள். அடுத்த முறை அதே வியாபாரி மாதிரி அனுப்பும்போது, அந்தப் போத்தலிலிருந்து ஒரு வேரை எடுத்து, புதியதோடு சேர்த்து முறித்துப் பார்க்கலாம்.